காதைத் தொடும் சபை

“சத்தியமா வாயே திறக்க மாட்டேம்மா” என்று சர்ச் பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் இருந்த வேதப் புத்தகத்தின் மேலேயே கை வைத்துச் சொன்னார் மாமனார். மருமகள் அப்போதும் நம்பவில்லை.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர். மைக் இல்லாமலே மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்பவனை ஓட வைத்த குரல். வெளிநாட்டில் மகன் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, கீழ்த்தளத்துக்காரர் துடைப்பக் கட்டையால் தன் கூரையை இடித்துக்கொண்டே இருக்கிறார். இவர் “காப்பி ஆச்சாம்மா?” என்று கேட்பதற்கே அந்த இடி.

“இன்னைக்கு இங்க ஏதாவது ஆச்சு, அடுத்த வாரம் சர்ச்சும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. இப்பவே சொல்லிட்டேன் மாமா.”

மாமனார் பெட்டிப் பாம்பாக அடங்கினார். வாரம் முழுக்க நாலு சுவருக்குள் கிசுகிசுத்துக்கொண்டு கிடந்த மனிதர். அவருக்கென்று மிஞ்சியிருந்தது இந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான்.

சபையில் பத்திருபது பேர் இருப்பார்கள். எல்லோருமே வயதானவர்கள். ஹீட்டர் மக்கர் பண்ணுகிறது போலும், உள்ளேயும் காதை மூடிய தொப்பியும் மஃப்ளருமாக உட்கார்ந்திருந்தார்கள்.

போதகர் மேடையேறும்போது அவர் கை பட்டு, பெரிய புத்தகம் ஒன்று பலகைத் தரையில் தொம்மென்று விழுந்தது. மருமகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சபையில் ஒருவர்கூட அசையவில்லை.

“என்ன ஒரு பக்தி, பாத்தியா” என்று மாமனார் மெச்சிக்கொண்டார்.

போதகர் கையை உயர்த்த, சபை எழுந்து நின்றது. ஆர்கன் ஆரம்பித்தது. ஐயோ, அது நம்ம ஊர்ச் சர்ச்சில் பாடுகிற பாமாலை ராகம்! வார்த்தைதான் வேறு. சபையோ ஆளுக்கொரு தாளத்தில் முனகிக்கொண்டிருந்தது.

ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்குமா? முதல் சரணத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டார். அடுத்ததில் காலால் தாளம் போட்டார். அதற்கடுத்ததில் முன்பெஞ்சை இறுகப் பிடித்து, கண்ணை மூடி, சுத்தத் தமிழில் எடுத்துவிட்டார். பெஞ்சு அதிர்ந்தது. மருமகள் அவர் கோட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். ஓடுகிற லாரியைக் கயிறு கட்டி இழுத்த கதைதான்.

முன்பெஞ்சில் இருந்த நீலத்தொப்பிப் பெண்மணி திரும்பினார். மாமனாரின் பிளந்த வாயையே ஒரு கணம் பார்த்தவர், தொப்பிக்குள் விரலை விட்டுக் காதைத் தொட்டார். பக்கத்தில் இருந்தவரை முழங்கையால் இடித்தார். அவரும் தொட்டார். இடியும் தொடலுமாக அது கடைசி வரிசை வரை போயிற்று.

பாட்டு முடிந்து, போதகர் பிரசங்கத்துக்குத் தொண்டையைச் செருமினார். உடனே எல்லாக் கைகளும் மறுபடி காதுக்குப் போயின.

மாமனாருக்கு விஷயம் விளங்கிவிட்டது. “பாட்டுக்கு ஒரு தடவ, பிரசங்கத்துக்கு ஒரு தடவ. இங்க அதுதான் வழக்கம் போல. ஊரோட ஒத்துப் போகணும். நீயும் தொடும்மா.”

மருமகளும் இந்த சர்ச்சுக்குள் நுழைவது அன்றுதான் முதல் தடவை. நமக்கெதற்கு வம்பு என்று அவளும் காதைத் தொட்டுக்கொண்டாள். கடைசிப் பாட்டுக்குச் சபை மறுபடி காதைத் தொட, மாமனார் ஒரு படி மேலே போய் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டார். தோப்புக்கரணம் போடாததுதான் பாக்கி. அப்புறம் அந்தப் பாட்டையும் ஒரு பிடி பிடித்தார்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது நல்ல காற்று. படியில் நின்ற ஒரு பெரியவரின் தொப்பி பறந்தது. அவர் காதுக்குப் பின்னால் ஒரு சின்ன மெஷின். மஃப்ளர் விலகிய இன்னொருவர் காதிலும் அதே. மருமகள் ஒவ்வொரு காதாகப் பார்த்துக்கொண்டே போனாள். அவள் முகம் வெளிறிவிட்டது.

“மாமா, வழக்கமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. எல்லாருக்கும் காது மெஷின்! நீங்க பாட ஆரம்பிச்சதும் அணைச்சிருக்காங்க. பிரசங்கத்துக்குத் திருப்பிப் போட்டிருக்காங்க. மானமே போச்சு!”

மாமனார் அப்படியே நின்றுவிட்டார். எத்தனையோ பேர் அவர் குரலைக் கேட்டு ஓடியிருக்கிறார்கள். காதையே அணைத்துக்கொண்டவர்கள் யாரும் இல்லை. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

“அவ்வளவு மோசமாவாம்மா இருந்துச்சு? சரி, இனிமே நான் வீட்லயே இருந்துக்கறேன்.”

இத்தனை நாளாக அவள் கேட்டுக் கேட்டும் வராத மெல்லிய குரல் அப்போதுதான் வந்தது. அதைக் கேட்க அவளுக்கே என்னவோ போல் இருந்தது.

அதற்குள் நீலத்தொப்பிப் பெண்மணி விடுவிடுவென்று படியிறங்கி வந்து மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டார். பின்னாலேயே போதகர். பெண்மணி தங்கள் மொழியில் படபடவென்று பொரிந்து தள்ளினார். கேட்கக் கேட்க மருமகளின் வாய் பிளந்தது. போதகரின் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

“திட்டுறாங்களாம்மா? தெரியாம பாடிட்டேன், மன்னிச்சுக்கச் சொல்லு.”

மருமகள் போதகரைப் பாவமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, மாமனார் பக்கம் குனிந்து சொன்னாள்.

“அணைக்கல மாமா... இந்தப் போதகர் வந்ததுலேருந்து சர்ச்சுல மெஷினையே போடறதில்லையாம், உங்க பாட்டுக்குத்தான் இன்னைக்கு மொத மொதலா போட்டாங்களாம்.”