நட்டு இல்லாமல் விரிந்த வாய்

"என்னை மாட்டாம நீ எப்படி வாயை விரிச்சே?"

இதையே மூன்றாவது தடவையாகக் கேட்டது நட்டு. காருக்கு வாங்கிய புது பிரேக் பைப், தன் நுனி வட்டமாக, வழவழவென்று விரிந்திருந்த பெருமையில் இருந்தது.

"பிசிறு உண்டா, கீறல் உண்டா? பார்த்துச் சொல்லு," என்றது பைப்பின் வாயை விரிக்கும் கருவி.

"ரொம்ப அழகு. அந்தப் பக்க நுனியும் ஏற்கெனவே விரிஞ்சாச்சு, நான் எந்த வழியா உள்ளே வர்றது? முதல்ல நான், அப்புறம்தான் விரிப்பு. புடவையைக் கட்டிட்டுப் பாவாடையைத் தேடுறாப்பல இருக்கு உங்க வேலை."

காபி குடித்துவிட்டு வந்த வீட்டுக்காரர் பைப்பைப் பார்த்தார். மேசைமேல் இருந்த நட்டைப் பார்த்தார். மனைவி பார்க்கிறாளா என்று ஜன்னலைப் பார்த்தார். பிறகு சத்தமில்லாமல் விரிந்த நுனியை வெட்டி எறிந்தார்.

"இன்னொரு தடவை வெட்டினா நான் சக்கரத்துக்கு எட்ட மாட்டேன். காயலான் கடைதான்," என்றது பைப், பெருமையெல்லாம் இறங்கி.

"பயப்படாதே, முன்னைவிட அழகா விரிச்சுடுறேன்," என்றது கருவி.

வீட்டுக்காரர் இந்தத் தடவை மறக்கவில்லை. நட்டை முதலில் கோத்தார். தலைகீழாகக் கோத்தார். பைப்பைக் கருவியில் வைத்துக் கைப்பிடியைப் பிடித்தார்.

கருவி மூச்சைப் பிடித்துக்கொண்டது. பைப் கண்ணை மூடிக்கொண்டது.

"என் திருகு மரை நுனிப் பக்கம் இருக்கணும், இப்படி இருந்தா முடுக்க முடியாது," என்றது நட்டு, கருவியிடம். "அண்ணே, அவரை ஒரு தடவை குனிஞ்சு பார்க்கச் சொல்லுங்களேன்."