விசாரிக்க வந்தவர்கள்

“பையன் குடிப்பாருங்களா?”

அந்தம்மா பட்டென்று இப்படிக் கேட்டதும் காவேரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கஞ்சி போட்ட காட்டன் சேலை, கூட வாயே திறக்காத ஒரு பெரியவர், வாசலில் வாடகைக் கார். “முருகேசு விசயமாத்தானே? உக்காருங்க” என்று அவர்கள் வாயெடுக்கும் முன்பே வரவேற்றவள் அவள்தான். பெண் கொடுப்பவர்கள் அக்கம்பக்கத்தில் விசாரிப்பது மாரண்டஹள்ளியில் புதுசா என்ன?

“குடியா? டீகூடத் தொடமாட்டானுங்க!”

பக்கத்து வீட்டு முருகேஷுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. வந்த வரனெல்லாம் யாரோ எதையோ சொல்லித் தட்டிப்போனதில் அவன் அம்மா அம்பிகா பாதியாகிவிட்டாள். “யாராச்சும் கேட்டா நல்லதா நாலு வார்த்த சொல்லு காவேரி” என்று போன வாரம்தான் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“டெல்லியில என்ன வேலைன்னு சொல்லியிருக்காரா?”

“மிலிட்டரி ஆபீஸ்ல கம்ப்யூட்டர் வேலைங்க. அதுக்கு மேல கேட்டா சிரிச்சே மழுப்பிடுவான்.”

அந்தம்மா தலையாட்டினார். நிலம் எவ்வளவு, என்ன நட்சத்திரம் என்று எதுவுமே கேட்கவில்லை. பெரிய இடம் போலிருக்கிறது என்று காவேரி பூரித்துப்போனாள்.

“மாரியம்மன் தேருக்கு வந்திருந்தாரா?”

காவேரிக்குத் திக்கென்றது. வந்திருந்தான். தேர் அன்று ராத்திரி பஸ்ஸை விட்டு இறங்கியதே போதையில். அந்தக் கோலத்தில் அம்மா முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு இவள் வாசலில் சுருண்டு கிடந்தவன், விடிவதற்குள் ஓசூர் பஸ் ஏறிவிட்டான். மோர் கொடுத்துத் தெளியவைத்தது காவேரி. அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரிந்தால் எவன் பெண் கொடுப்பான்?

“வரலைங்க. வேலைன்னா வேலைதான் அவனுக்கு.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா.” அந்தக் குரல் ஏனோ கெஞ்சுவதுபோல் இருந்தது.

“மாரியாத்தா மேல சத்தியமா வரலைங்க!”

பொய்ச் சத்தியம். சுவரிலிருந்த அம்மன் படத்தின் பக்கம் திரும்ப அவளுக்குப் பயமாக இருந்தது. ஒரு கல்யாணத்துக்காகத்தானே, பொறுத்துக்கோ தாயே.

பெரியவர் பெருமூச்சோடு எழுந்தார். இருவரும் காரில் ஏறப் போக, காவேரி பின்னாலேயே ஓடினாள்.

“பொண்ணு போட்டோ காட்டாமயே போறீங்களே?”

“பொண்ணா?” அந்தம்மா கார்க் கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டார். “நாங்க பாதுகாப்பு அமைச்சகத்துக்குக் கீழ வர்ற ராணுவ உளவுப் பிரிவும்மா. முருகேஷ் எங்க ஆபீஸ்தான். தேர் அன்னைக்கு ராத்திரி அங்கிருந்து ஒரு ரகசியம் வெளிய போயிருக்கு. தான் ஊருக்கு வந்துட்டதா அவர் சொல்றார்.”

பக்கத்து வீட்டில் அம்பிகா பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

“ ‘காவேரி அக்காவைக் கேளுங்க, அவங்க ஒருத்தர்தான் என்னைப் பாத்தாங்க’ன்னு அழுதாரும்மா.”