புகைமூட்டத்துச் சாம்பியன்

"தினமும் போடுறாரு டாக்டர். ஒரு ராத்திரிகூட விட்டதில்ல!"

மனைவி தெய்வானை அடித்துச் சொன்னபோது, பக்கத்து நாற்காலியில் மெய்யநாதனுக்கு ஏர்கானிலும் வியர்த்தது.

தூக்கத்தில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருகிற வியாதிக்காக, கெலுகோர் கிளினிக்கில் இரவல் கொடுத்த முகமூடி மெஷின் அது. அவர் அதை மாட்டியது ஒரே ஓர் இரவு. மாட்டுக்கு வாய்க்கூடை கட்டியது போலிருந்தது. அந்த வாரமே ஊரெங்கும் காட்டுத்தீப் புகைமூட்டம் வந்து கைகொடுத்தது. "ஹால்லதான் காத்து சுத்தம் பண்ற மெஷின் இருக்கு" என்று சோபாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். முகமூடி படுக்கையறையிலேயே கிடந்தது.

"ஒழுங்காப் போடலன்னா திருப்பி வாங்கிடுவோம். நிறைய பேர் காத்திருக்காங்க," என்றார் டாக்டர் தனுஜா, ராத்திரிக் கணக்கெல்லாம் பதிவாகும் மெஷினின் கார்டைக் கணினியில் செருகியபடி.

"ஐயோ, வாங்கிடாதீங்க டாக்டர்! அது இல்லாட்டி செத்துப் போயிடுவாரு!"

எனக்காக எப்படிப் பொய் சொல்கிறாள் மகராசி! மெய்யநாதனுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

"அவரையும் கொஞ்சம் பேச விடுங்கம்மா. ஐயா, இந்தப் புகையில மூச்சு எப்படி?"

"அவ்வளவு பெரிய கடல் பாலமே கண்ணுக்குத் தெரியல. என் மூச்சு எங்க தெரியப் போகுது லா?"

டாக்டர் சிரிக்கவில்லை. திரையையே பார்த்தார். புருவம் ஏறியது.

"புகை வந்ததுல இருந்து இங்க வர்ற பாதிப் பேருக்கு வியாதி கூடிடுச்சு. நீங்க என்னடான்னா ராத்திரி முழுக்கப் போட்டிருக்கீங்க, மூச்சு ஒரு சீரா இருக்கு. சாம்பியன் லா நீங்க!"

மெய்யநாதன் திறந்த வாயை மூடவில்லை. தூக்கத்தில் நடந்துபோய் மாட்டிக்கொண்டிருப்போமோ? பேய் கீய் ஏதாவது? ஓடாத ஓட்டத்துக்குக் கோப்பை வாங்க அவருக்கு மனசு வரவில்லை.

"டாக்டர்... சத்தியமா நான் போடல."

"அப்ப இது யாரோட மூச்சு?"

தெய்வானை மெஷினை எடுத்து மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"புகை வாடை தாங்காம ஒரு நாள் சும்மா மூக்குல வச்சுப் பார்த்தேன் டாக்டர். கல்யாணம் ஆனதுல இருந்து இப்பத்தான் தூங்குறேன், அவருக்கு வேணும்னா வேற குடுங்க!"