உள்ளங்கை அகல ஜன்னல்

முதலில் கெடுதல் செய்தவன் ரோகேதான். பதினோரு வருஷத்துக்கு முன்பு, விமானத்துக்கு அடியில் படுத்துத் திருகு முடுக்கிக்கொண்டிருந்த இசித்ரோவை, "வேலை நேரத்துல தூங்குறார்" என்று முதலாளியிடம் போட்டுக்கொடுத்தான். தலைமை மெக்கானிக்காக இருந்தவர் அன்றிலிருந்து விமானம் கழுவுகிறார்.

இப்போது இசித்ரோவுக்கு அவன்மேல் வேறொரு சந்தேகம்.

ரோகே ஓட்டும் நாலு சீட் விமானத்தில், பைலட் பக்கத்துக் கண்ணாடியில் காற்று வருவதற்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டி ஜன்னல். அதன் விளிம்பில் கறுப்பு ரப்பர் தடம். கேமரா மூக்கு உரசிய தடம். கண்ணாடி வழியாக எடுத்தால் படம் மினுங்கும் என்று அதைத் திறந்துதான் எடுப்பார்கள்.

"சுற்றுலாக்காரங்க பின்சீட்ல. முன்னால எவன் படம் எடுக்கிறான்?" என்று கேட்டார் இசித்ரோ.

காபிக்கடை லூமெங் சிரித்தாள். "உங்க வீட்டுக்கு மேலதான் விமானத்தை இடது பக்கமா சாய்க்கிறான். நீங்க துணி காயப்போடுற அழகைப் பாக்கவோ என்னவோ!"

இசித்ரோவுக்குச் சிரிப்பு வரவில்லை. கடலோரத்துக் குடிசைக்கும் இருபது தென்னைக்கும் அவரிடம் பத்திரம் கிடையாது. ஓட்டல் கட்ட வந்தவர்கள் அங்கே அளவுக்கல் நட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை நில ஆபீசில் விசாரணை.

"அவனுங்களுக்குத்தான் எடுத்துக் கொடுக்கிறான். அன்னைக்கு வேலை, இன்னைக்கு வீடு!"

புதன்கிழமை காலை கழுவும்போது, ஜன்னல் தாழ்ப்பாளின் திருகை இரண்டு சுற்று கூடுதலாக முடுக்கினார். இனி இடித்தாலும் திறக்காது.

மதியம் ரோகே வியர்வையில் தொப்பலாக நனைந்த சட்டையோடு இறங்கினான்.

"அண்ணே, தாழ்ப்பாளை இறுக்கினது நீங்கதானே?"

"ஆமாடா. வேவு பாக்கிறவனுக்குக் காத்து ஒரு கேடா?"

ரோகே பையிலிருந்து பத்துப் படங்களை எடுத்து இறக்கைமேல் பரப்பினான். வருஷத்துக்கு ஒன்று, பின்னால் தேதி. எல்லாவற்றிலும் இசித்ரோவின் குடிசை. முதல் படத்தில் தென்னங்கன்றுகள் இடுப்பு உயரம். பத்தாவதில் கூரைக்கே நிழல்.

"பத்திரமில்லாத இடம், என்னைக்காவது எவனாவது வருவான்னு தெரியும். எடுத்து வெச்சேன். போன வருஷம் போட்ட குடிசைன்னு ஓட்டல்காரன் சொல்லுவான். இதைக் காட்டுங்க."

கேமராவைத் திருப்பி, அன்று எடுத்ததையும் காட்டினான். குடிசை இருக்கவேண்டிய இடத்தில் வெறும் மினுக்கம். அதன் நடுவே ரோகேயின் வியர்த்த முகம்.

"இது இந்த வருஷத்துது. ஜன்னல் திறக்கல."

இசித்ரோ திருப்புளியை எடுத்தார். இரண்டு சுற்றுத் தளர்த்தினார்.

"ஏறு. வெயில் சாயிறதுக்குள்ள இன்னொண்ணு எடு."

ரோகே ஏறி உட்கார்ந்து ஜன்னலைத் திறந்தான். இசித்ரோ அதன் அருகே முகத்தைக் கொண்டுபோனார்.

"அன்னைக்கு நான் தூங்கலடா."

"தெரியும்ணே," என்றான் ரோகே. பிறகு குட்டி ஜன்னலைச் சாத்திவிட்டு என்ஜினைக் கிளப்பினான்.