ஆறு பந்துத் தீர்ப்பு

நடு ஸ்டம்ப் பிடுங்கிக்கொண்டு பறந்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்ட, பந்து வீசிய மிதுனனின் தாய் புனிதவதி மட்டும் "கடவுளே" என்று தலையில் கை வைத்தாள்.

டோர்செட் பார்க் மாடிக் கட்டடங்களுக்குப் பின்னாலிருந்த மைதானம் அது. புனிதவதியின் தங்கை வீட்டுக் கலியாணத்துக்கென்று தாயும் மகனும் மெல்பேர்னிலிருந்து ரொறன்ரோவுக்கு வந்திருந்தார்கள். வந்த இடத்திலும் சண்டை ஓயவில்லை. அவுஸ்திரேலிய இளையோர் அணி பதினெட்டு வயது மிதுனனைத் தெரிவு செய்திருந்தது. வருகிறேனா இல்லையா என்று இன்றைக்குள் அவன் சொல்லியாக வேண்டும்.

கடைசியில் மரியரட்ணம் மாஸ்ரரைக் கேட்பது என்று இருவரும் உடன்பட்டார்கள். இப்போது ரொறன்ரோவில் இருக்கும் அவர், முன்பு யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிகளுக்கு ஆள் தெரிவு செய்தவர். ஆறே ஆறு பந்து பார்த்துவிட்டு, "நீ போய்ப் படி" என்று எத்தனையோ பெடியன்களை அழவைத்தவர். அந்தப் பொல்லாத பெயர்தான் புனிதவதிக்கு இருந்த ஒரே நம்பிக்கை.

"மாஸ்ரர் ஓம் எண்டா போவன். நோ எண்டா இனிப் பந்தையே தொடமாட்டன். டீல், அம்மா?" என்றிருந்தான் மிதுனன்.

ஆறாவது பந்துக்காக அவன் தூரப் போனதும் அவள் மாஸ்ரரின் கதிரையை நெருங்கினாள்.

"உவனிட்டை ஒண்டும் இல்லையெண்டு சொல்லிவிடுங்கோ மாஸ்ரர். உங்கடை காலிலை விழுறன்."

"என்னைப் பொய் சொல்லச் சொல்லுறியோ பிள்ளை?"

"மெல்பேர்னுக்குள்ளை மட்டும் விளையாடினாப் போதாதோ? வெளியிலை போகத்தான் வேணுமோ?"

மாஸ்ரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படி எத்தனை தாய்மாரைப் பார்த்திருப்பார்!

"உங்கடை கதை எனக்குத் தெரியும். பெடியனை டொக்டர் ஆக்கோணும், அவ்வளவுதானே?"

"ஐயோ, இல்லை மாஸ்ரர், அவன்ரை..."

"பேசாமல் நில்!"

ஆறாவது பந்தும் ஸ்டம்பைச் சாய்த்தது. மாஸ்ரர் கதிரையை விட்டு எழுந்தே விட்டார்.

"தம்பி, முப்பது வருசத்திலை உப்பிடி ஒரு கையை நான் காணேல்லை. ரெண்டு வருசத்திலை நீ பெரிய ரீமிலை நிப்பாய். போய் ஓம் எண்டு சொல்லு!"

"தாங்க் யூ மாஸ்ரர்!" மிதுனன் சித்தி வீட்டு ஃபோனை நோக்கி ஓடினான். "நில்லடா" என்று தாய் கத்தியது அவன் காதில் விழவில்லை.

புனிதவதி புல்லிலேயே இருந்துவிட்டாள்.

"அழாதை பிள்ளை. டொக்டர்மார் ஊரெல்லாம் இருக்கினம்" என்றார் மாஸ்ரர், வென்றவரின் சிரிப்போடு.

"அவன் டொக்டராக வேண்டாம், ஒண்டாகவும் வேண்டாம். உயிரோடை இருந்தாக் காணும்." அவள் நிமிர்ந்து மாஸ்ரரைப் பார்த்தாள். "உவனுக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தவன், மாஸ்ரர். இதே வயசிலை ஆமிக்காரங்கள் பஸ்ஸாலை இறக்கிக்கொண்டு போனவங்கள். இண்டைக்கும் வரேல்லை. காய்ச்சலிலை செத்ததெண்டுதான் உவனுக்குச் சொல்லி வைச்சிருக்கிறன்."

மாஸ்ரரின் கை பின்னால் கதிரையைத் தேடியது.

"எங்கை வைச்சுப் பிடிச்சவங்கள்?"

"கொழும்பிலை. உவன்ரை ரீமின்ரை முதல் மட்ச்சும் அங்கைதான்."