இன்டர்வியூவுக்கு இன்னும் ஒரு மணி நேரம்

"கிலோவாட்டுக்கும் யூனிட்டுக்கும் என்னங்க வித்தியாசம்?"

சட்டை மாட்டிக்கொண்டிருந்த கணவரை விடாமல் பிடித்தாள், பள்ளியில் இயற்பியல் நடத்தும் மனைவி.

"கிலோவாட்டு, குழாயில தண்ணி வர்ற வேகம். யூனிட்டு, வாளியில சேர்ந்த தண்ணி."

"பீக் லோடு?"

"ஊரே ஒரே நேரத்துல சுவிட்ச் போடுறது."

"பரவாயில்லையே, தேறிட்டீங்க."

"நீ வேற. இன்டர்வியூவுல உளறினா மானம் கப்பலேறிடும்."

அலுவலகப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார். என்ஜினியர் வேலைக்குக் காத்திருந்த இளைஞர்கள் அவரைக் கண்டதும் சட்டென்று எழுந்து வணக்கம் சொன்னார்கள். கால்நடைத் துறையிலிருந்து போன வாரம்தான் மாற்றலாகி வந்த மின்வாரியத் தலைவர், தேர்வுக் குழுவின் நடு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, முதல் ஆளைக் கூப்பிட்டார்.

"பதறாதீங்க தம்பி. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிடுங்க. அதுல என்ன வெட்கம்?"