ஸ்டீமரை நிறுத்திய கைலி

"கடைசி நாள்லயுமாக்கா வழிக்குக் குறுக்க கைலியப் போடுறீங்க? ஊ பான் பெரியவர் இன்னிக்காவது சுத்தாம நேரா போகட்டுமே!"

பட்டுக்கடை மா டின் சொன்னதும் ஸ்டீமரின் கீழ்த்தளத்துக் கடைக்காரிகள் கொல்லென்று சிரித்தார்கள்.

டோ த்வேயும் சிரித்துக்கொண்டே ஈரக் கைலியை உதறிக் கொடியில் போட்டாள்.

இந்தத் தளத்தில் அவள், பர்மாக்காரர்கள் ஆசையாகத் தின்னும் ஊறவைத்த தேயிலையை விற்கத் தொடங்கி எத்தனையோ மழைக்காலம் போய்விட்டது. ஐராவதிக் கரையில் இந்த மிதக்கும் சந்தையின் ஊதல் சத்தத்துக்குக் காத்திருக்காத ஊர் கிடையாது. இன்று மாக்வே துறையில் கடைசிச் சரக்கை இறக்குகிறார்கள். இனி ஸ்டீமரை ரங்கூனுக்குக் கட்டி இழுத்துப்போய் உடைக்கப்போகிறார்களாம்.

சேதி கேட்டு முதலில் அழுதவள் டோ த்வேதான். இதே ஸ்டீமர் ஒருகாலத்தில் அவள் ஊரை எரிக்க வந்தது என்றால் யார் நம்புவார்கள்?

அப்போது முகப்பில் வெற்றிலைக் கூடைகள் இல்லை, பீரங்கி இருந்தது. தளம் முழுக்க வெள்ளைக்காரச் சிப்பாய்கள். பர்மா அரசருடைய கோட்டைகளை ஒவ்வொன்றாகத் தகர்த்துவிட்டு, இரண்டு விலாவிலும் சக்கரம் தண்ணீரை அடிக்க, மேலேறி வந்தது.

ஊரில் ஆண்கள் இல்லை, சண்டைக்குப் போயிருந்தார்கள். பெண்கள்தான் யோசித்தார்கள். கரைக்கும் தீவுக்கும் நடுவே, ஆறு குறுகும் இடத்தில், உயரத்தில் கயிறு கட்டி, தாங்கள் உடுத்திய கைலிகளை வரிசையாகத் தொங்கவிட்டார்கள். பெண் உடுத்திய கைலிக்கு அடியில் தலையைக் கொடுத்தவனுக்கு அப்புறம் மகிமை ஏது, வீரம் ஏது?

நடுவில் தொங்கிய சிவப்புக் கைலி, அன்று கன்னிப்பெண்ணாக இருந்த த்வேயுடையது.

சிப்பாய்கள் கெக்கலித்தார்கள். அவர்களுக்கு அது துவைத்த துணி.

ஆனால் சுக்கான் பிடித்தவர் ஊ பான். இந்த ஆற்றங்கரையிலேயே பிறந்தவர். "ஐயோ, என் தலை!" என்று அலறிச் சுக்கானை ஒரேயடியாகத் திருப்பிவிட்டார். ஸ்டீமர் மணல்திட்டில் ஏறிக் குந்திக்கொண்டது. அதை இழுத்து இறக்குவதற்குள் ஊர் முழுக்கக் காட்டுக்குள் போய்விட்டது. எரிந்தது வெறும் குடிசைகள்தான்.

வேண்டுமென்றே செய்திருந்தால் தூக்குக் கயிறு. துணிக்குப் பயந்த முட்டாளை என்ன செய்வது? வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு வேலையிலேயே வைத்துக்கொண்டார்கள்.

மேல்தளத்து விருந்துகளில் கேப்டன்மார் இன்றும் அந்தக் கதையைச் சொல்வார்கள். கீழ்த்தளத்தில் சொல்வது டோ த்வே. "பீரங்கிக் கப்பல நிறுத்துனது யாருங்கிற? என் கைலிடி!"

ஊ பானும் குறை வைக்கவில்லை. தேயிலை தின்ன வரும்போதெல்லாம், கொடியில் கைலி கிடந்தால் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு புகைபோக்கியைச் சுற்றித்தான் வருவார். பெண்கள் சிரிப்பார்கள். அது இந்த ஸ்டீமரின் வழக்கம்.

இன்றும் வந்தார்.

ஆனால் அவர் பார்வை வழியில் இல்லை. பக்கத்தில் ஆட்கள் சக்கரத்தின் பலகைகளைக் கழற்றத் தொடங்கியிருந்தார்கள். ஒவ்வொரு பலகை விழும்போதும் ஊ பானின் தோள் லேசாகக் குலுங்கியது. அதையே பார்த்தபடி நேராக நடந்து வந்தார்.

ஈரக் கைலி அவர் தலையில் பட்டது.

அவர் இடது கையால் அதை விலக்கினார். வாசல் திரையை விலக்குகிறவரைப்போல, அவ்வளவு சாதாரணமாக.

டோ த்வேயின் கை தேயிலைக்குள் அப்படியே நின்றது. மற்றவர்கள் கூடை கட்டுகிற மும்முரத்தில் இருந்தார்கள்.

அவள் பார்வையைக் கண்டுதான் ஊ பானுக்கு உறைத்தது. கைலியின் ஓரம் இன்னும் அவர் விரல்களில் இருந்தது. முகம் வெளுத்துவிட்டது. கைலிக்குப் பயந்தவர் தலையையல்லவா தடவிப் பார்க்க வேண்டும்? அவர் திரும்பிப் பார்த்தது, படிக்கட்டில் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்த கேப்டனை.

டோ த்வே தளமே அதிரக் கத்தினாள்.

"ஐயையோ, அண்ணே! தலைக்கு மேல பாருங்க!"

எல்லாரும் திரும்பினார்கள். ஊ பான் ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு "ஐயோ, என் தலை!" என்று அலறி, தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு புகைபோக்கிப் பக்கம் ஓடினார்.

பெண்கள் சிரித்தார்கள். கேப்டன் சுருட்டு விழ விழச் சிரித்தார்.

மூச்சிரைக்கச் சுற்றி வந்து உட்கார்ந்தவர் முன்னால், டோ த்வே முழங்காலிட்டு, பிக்குவுக்குப் படைப்பதுபோல் இரண்டு கைகளாலும் தேயிலைத் தட்டை நீட்டினாள்.